இமைமயிரால் தூக்கியது

ஊசிமுனை அதற்குப் பெரிது.
அதனால் என் இமைமயிர் ஒன்றைப் பிடுங்கிப்
பல்குச்சியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
அதன் நுனியில் தொற்றிக்கொண்டு வருகிறது
பெரோவ்ஸ்கைட், ஒரு கரும்புள்ளி.
எள் ஒன்றைப் பல்லாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு.

நான்கு முறை தொலைத்தேன்.
ஒருமுறை தும்மினேன், கை ஆடிற்று.
ஒருமுறை யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
மற்ற இரண்டுக்கும் காரணமே தெரியாது.
ஐந்தாவது, எஃகுத் தகட்டின் துளைக்குள்
இறங்கி உட்கார்ந்தது.
பக்கத்தில் ஒரு மாணிக்கத் துகள்,
மேலே ஒரு சொட்டு எண்ணெய்.
பிறகு வைரம் மேலொன்று, கீழொன்று,
பேச்சுவார்த்தை நின்றுபோன இருவர் மாதிரி
முகத்துக்கு முகம்.

மிண்டன் குன்றில் இரவு பதினொன்று.
சுங்கை டுவா பக்கம் இடி.
சியூ ஹூன் தே ஓ குவளையை வைத்துவிட்டுத்
திருகுசாவியை எடுத்தாள்.
"கால் சுற்று. அதற்குமேல் போனால்
வைரத்துக்கு நீதான் பணம் கட்டணும்."

பச்சை லேசர் பட்டால்
மாணிக்கம் சிவப்பாய்ப் பதில் சொல்லும்.
அந்தச் சிவப்பு எவ்வளவு தள்ளிப்போகிறதோ
அவ்வளவு அழுத்தம்.
திரையில் கோடு நகர்ந்தது: ஒரு கிகாபாஸ்கல்.
பட்டர்வொர்த்திலிருந்து அலோர் ஸ்டார் வரை போகும் சாலையைச்
செங்குத்தாய் நிமிர்த்தி
முழுக்கக் கடலால் நிரப்பினால்
அடியில் நிற்பவன் தலையில் ஏறக்குறைய அந்தக் கனம்.

உள்ளே நடப்பது இது.
ஒவ்வோர் ஈயத்தையும் ஆறு அயோடின் சூழ்ந்திருக்கும்,
மூலைக்கு மூலை கைகோத்த எண்முகங்கள்.
முதலில் கொஞ்சம் நெருங்கும்.
எலக்ட்ரான் தாண்டவேண்டிய பள்ளம்
இம்மியளவு குறுகும்.
பிறகு நெருங்க இடமில்லை.
உடையாமல் சாய்ந்துகொள்ளும்,
நெரிசல் பேருந்தில் தோளைத் திருப்பி நிற்பவர்களைப்போல.
ஒன்று இடம் சாய்ந்தால் அடுத்தது வலம்.
இடைவெளிகளில் சுழன்றுகொண்டிருந்த சிறு மூலக்கூறுகளுக்கு
இனிச் சுழலவும் வழியில்லை.
ஈயம், அயோடின், ஈயம் என்று நீட்டியிருந்த கை
முழங்கையில் மடங்கும்.
மடங்க மடங்கப் பள்ளம் அகலும்.
ஒளியில் ஒரு பங்கு பிடிபடாமல் கடந்துபோகும்.

நுண்ணோக்கியில் கறுப்பு வழிவிட்டது.
பண்டுங்குக்குப் பால் ஊற்றுமுன்
கண்ணாடிக் குவளையில் நிற்குமே ரோஸ் சிரப்,
அந்தச் சிவப்பு.
ஹூன் எதுவும் சொல்லவில்லை.
என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

அறுபது கிகாபாஸ்கலில் மறுபடி கறுத்து
உலோகமாகிவிடும் என்கிறார்கள்.
எங்கள் வைரங்களுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.
பட்ஜெட்டுக்கும்.

மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் முனகி நின்றது.
பினாங்குக் காற்று
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது.
விடிந்து பார்த்தால்
மூடியை இறுக்காமல் நான் மேசையில் விட்ட குப்பியில்
அதே கரைசலில் பிறந்த மற்ற படிகங்கள்
மஞ்சளித்துக் கிடந்தன.
ஈரம் தின்ற மஞ்சள். இனித் தானாய்க் கறுக்காது.
வைரங்களுக்கிடையில் அடைபட்டது மட்டும்
மழை பெய்த செய்தியே தெரியாமல்
சிவப்பாய் இருந்தது.

இதிலிருந்து ஒரு நீதி எடுக்கலாம்.
பட்டமளிப்பு விழாவில் யாராவது எடுத்தும்விடுவார்கள்,
நெருக்கடிதான் காக்கும், அழுத்தம்தான் நிறம் தரும் என்று.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுக்
கால் வீங்கி அறைக்கு வருவாள் யோகமலர்.
அவளிடம் போய்ச் சொல்லட்டும்.

நான் குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான்:
திருகைத் தளர்த்தினோம். சிவப்பு கறுப்பானது.
நிறமாலை பழைய கோட்டின்மேல் படிந்தது.
படிகத்தின் குறுக்கே மயிரிழை விரிசல் ஒன்று,
முன்பு இல்லாதது.
அளவீடு எதிலும் அது தெரியவில்லை.

அடுத்த வரியில்
இறுக்காத மூடியைப் பற்றியும் எழுதினேன்,
என் பெயர் போட்டு.